இரும்புக் கை என்று சொல்லித் திரிந்தோம்

செய்தி வந்தபோது நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். கையெல்லாம் கிரீஸ். சட்டைப்பையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ரெடியாகிவிட்டதா என்று கேட்கத்தான் எவனோ உயிரை வாங்குகிறான் என்று இரண்டு முறை விட்டுவிட்டேன். மூன்றாவது முறை அடித்தபோது திட்டிக்கொண்டே வெளியே வந்து எடுத்தேன். மேரி அண்ணி. "பாய், அவரு பூட்டாரு" என்றார். நான் ஏதோ கேட்பதற்குள் வைத்துவிட்டார். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். பிறகு மறுபடியும் வேனுக்கு அடியில் போய், பாதியில் விட்ட போல்ட்டை முடுக்கிவிட்டு, திரும்ப ஒருமுறை கை கழுவிக்கொண்டு கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மரியதாஸ் அண்ணனின் முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு மலர் அச்சடிக்கிறார்கள். கூடவே இருந்தவன் என்பதால் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று ஃபாதர் கேட்டார். உத்திரமேரூரில் இருபத்திரண்டு வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். சுவரில் 'இங்கே பீடி பிடிக்காதே' என்று எழுதியதைத் தவிர நான் எழுதிய எதையும் நாலு பேர் படித்ததில்லை. நல்ல மனிதர், பக்திமான், யார் மனதையும் புண்படுத்தாதவர் என்று ஒரு பக்கத்தை நிரப்பிக் கொடுத்திருக்கலாம். அத்தனையும் உண்மைதான். ஆனால் அதை எழுத நான் எதற்கு? அவரைக் கண்ணால் பார்க்காதவர்கூட எழுதிவிடுவார்.

நான் எழுத வேண்டியது வேறு. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் மேரி அண்ணி ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியில் கை காலெல்லாம் மரத்துப்போய் வருடக்கணக்கில் ஆகியிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். வீட்டில் இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி அண்ணியைத் தின்றுகொண்டிருந்தது. எல்லோரும் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒருத்தி கூடவே இருந்துகினு இன்னாத்தப் பாத்தேன், சொல்லு. நீயும் பட்டறைல அவரு கூடவே இருந்தியே பாய். உனுக்காச்சும் எதுனா தெரிஞ்சுதா?"

"தெரியாது அண்ணி" என்றேன்.

"எனக்கே தெரில. உனுக்கு எங்க தெரியப்போவுது" என்று எனக்கு ஆறுதல் சொல்லி, டீ போட்டுக் கொடுத்தார். வெட்கம் கெட்டவன், வாங்கிக் குடித்தேன்.

எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஒரு பக்கத்தில் முடியாது. ஃபாதர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வந்தவாசி ரோட்டு அரிசி ஆலையில் இருபத்தைந்து வருடம் நெல் அவிக்கிற பாய்லருக்கு ஆப்பரேட்டர். சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லில் பாய்லர் மீட்டர் மக்கர் செய்தாலும் பிரித்துச் சரிசெய்ய அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே என் பட்டறைக்கு வந்துவிடுவார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னா பாய், எத்தினி வண்டிய இன்னிக்கி நாசம் பண்ண?" என்பார். அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும்.

அவருடைய கையைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். கொதித்து நிற்கிற லாரியின் ரேடியேட்டர் மூடியை நாமெல்லாம் சாக்கை நனைத்துப் போட்டுத் திறப்போம். அவர் வெறும் கையால் திருகுவார். பட்டறைக்கு எதிரே எந்த வண்டி புகை விட்டு நின்றாலும், "தாஸண்ணனக் கூப்புடு, இரும்புக் கை வரட்டும்" என்று சத்தம் கொடுப்போம். அவர் வந்து திருகுவார். நாம் கை தட்டுவோம். இதைப் படிக்கிறவர்களில் கை தட்டியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன் என்பதால் யாரையும் குறை சொல்லவில்லை. பாய்லர் பக்கத்தில் இருபத்தைந்து வருடம் நின்று உரமேறிய கை என்று நினைத்தோம். அவரும் சிரித்துக்கொண்டு நிற்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரகுநாதன் சாரின் கார் பட்டறைக்கு வந்தது. சென்னையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, நம் பக்கம் நிலம் வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். கார் அவருடைய செத்துப்போன அண்ணனுடையது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, உட்கார்ந்தால் பின்பக்கம் ரோட்டில் தேய்கிற மாதிரி இருக்கும். சார் அதை ஆசையாக ஓட்டிப்போய், தென்னேரி ஏரிக்கரையில் கொதிக்கவிட்டு, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் பம்ப் போயிருந்தது. அதை நான் சரிசெய்துவிட்டேன். ஆனால் டேஷ்போர்டில் இருந்த ஹீட் மீட்டர் செத்துக் கிடந்தது. இன்ஜின் கொதித்தாலும் முள் அடியிலேயே படுத்திருக்கும். அது ஒழுங்காகக் காட்டியிருந்தால் கொதிப்பதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தியிருப்பார். இன்னொரு முறை கொதித்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விட்டுவிடும், அதற்கு மாற்று கிடைக்காது. சென்னையில் கேட்டதற்கு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு கரண்டில் ஓடும் புது மீட்டர் மாட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். செத்துப்போன தன் அண்ணன் பார்த்து ஓட்டிய மீட்டர், அதுவேதான் வேண்டும் என்றார் சார். எனக்கு அந்தப் பழைய மீட்டரைத் தொடவே பயம். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்றேன்.

தாஸண்ணன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம பாய்லர் மீட்டருக்குத் தம்பி பாய்" என்றார். அந்தக் காலத்து ஹீட் மீட்டரில் கரண்ட் கிடையாது. இன்ஜின் ஹெட்டில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ் செருகியிருக்கும். அதை பல்பு என்போம். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு செம்புக் குழாய் மீட்டர் வரைக்கும் போகும். பல்புக்குள் ஈத்தர் என்கிற மருந்து. பெட்ரோலைவிட வேகமாக ஆவியாகும். இன்ஜின் சூடாக ஆக, ஈத்தர் அழுத்தம் கொடுத்து முள்ளைத் தள்ளும். எங்கேயாவது குழாயில் முடி அளவு விரிசல் விட்டாலும் ஈத்தர் பறந்துவிடும், மீட்டர் செத்துவிடும். இந்தக் காரில் குழாய் மீட்டருக்குப் பக்கத்திலேயே விரிசல் விட்டிருந்தது.

மீட்டரைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. பின்னால் ஒரு தகடு, இரண்டு திருகு நட்டு. பல்பைக் கழற்றுவதுதான் வேலை. அறுபது வருடத்துத் துருவில் ஹெட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அதை ஒரு நட்டு பிடித்திருக்கும். நட்டு மட்டும் சுற்ற வேண்டும். கூடவே பல்பு சுற்றினால் குழாய் முறுக்கி அறுந்துவிடும். அண்ணன் ஒரு பழைய ரிங் ஸ்பேனரை ரம்பத்தால் அறுத்து, குழாய் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தார். "நட்டு சுத்தணும், பல்பு சும்மா கெடக்கணும். நம்மள மாரி ரெண்டும் சேந்து ஆடக் கூடாது" என்று சாரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கச் சொன்னார். சூட்டில் ஹெட் கொஞ்சம் விரியும், அப்போதுதான் விடும் என்றார். விட்டது. நட்டு இளகியதும் வெறும் விரலால் பல்பைப் பிடித்து, இப்படியும் அப்படியும் மயிரிழை மயிரிழையாக ஆட்டி உருவி எடுத்தார். நான் அந்த ஹெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு அலறிப்போய் எடுத்துக்கொண்டேன்.

"எப்படி?" என்றார் சார், கண்ணை விரித்துக்கொண்டு.

"இரும்புக் கை சார்" என்றேன் நான். ஏதோ நானே வளர்த்துவிட்ட கை போல அவ்வளவு பெருமை எனக்கு.

அடுத்த ஞாயிறு ரிப்பேர். டிராக்டருக்கு மாட்டுகிற ஹீட் மீட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்திருந்தேன். அதிலும் இதே ஏற்பாடுதான். பல்பு, குழாய், உள்ளே ஈத்தர். டிராக்டர் மீட்டரின் பல்பையும் குழாயையும் வெட்டி எடுத்து, காரின் மீட்டரோடு ஒட்டவைக்க வேண்டும். வெட்டுகிற நேரத்தில் ஈத்தர் பறந்துவிடாமல் இருக்க, பல்பை ஐஸ் கட்டியில் உப்புப் போட்டு அதற்குள் புதைத்து வைக்க வேண்டும். குளிரில் ஈத்தர் பல்புக்குள் ஒடுங்கிக் கிடக்கும். நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்பதால் ஊதுவிளக்கு கூடாது. சால்டரிங் கம்பியால்தான் ஈயம் வைக்க வேண்டும். மீன்கடையிலிருந்து ஐஸ் வந்தது. பல்பு மேலே மேலே எழும்பியது. நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கையை விட்டேன், ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அண்ணன் இடது கையால் பல்பை ஐஸுக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மீட்டர் பக்கத்துக் குழாயை நான் பிடித்துக்கொள்ள, வலது கையால் டிராக்டர் குழாயை வெட்டி, சின்னப் பித்தளைப் புஷ்ஷுக்குள் இரண்டு முனைகளையும் நுழைத்து ஈயம் வைத்தார். இருபது நிமிடம் இருக்கும். கையை வெளியே எடுத்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. துணியில் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். சூட்டில் உரமேறிய கை என்று சொன்னாயே, ஐஸுக்கு எப்படி உரமேறும் மடையா என்று எனக்குள் யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

ரகுநாதன் சார் சாப்பிடப் போயிருந்தார். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். கொதிக்கிற தண்ணீரில் முள் இருநூற்றுப் பன்னிரண்டில் நிற்க வேண்டும். இங்கிலீஷ்காரன் கணக்கு அது, நமக்கு நூறு. பல்பு பாத்திரத்தின் அடியில் படக் கூடாது, பட்டால் பொய்யாகக் காட்டும். வழக்கமாகக் குச்சியில் கட்டித் தொங்கவிடுவார். அன்றைக்குச் சுருள் குழாய் குச்சியில் நிற்காமல் துள்ளியது. சரி என்று குழாயைக் கையால் பிடித்து பல்பைத் தண்ணீரில் விட்டார். மீட்டரை நான் எதிரே பிடித்துக்கொண்டேன். முள் அசைந்தது. செத்துக் கிடந்த முள் அசைவதைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"வருது பாரு பாய். நூத்தி எம்பது. இருநூறு. தோ, இன்னும் கொஞ்சம்."

நானும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றிக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அவருடைய இரண்டு விரல்கள் கணு வரைக்கும் கொதிக்கிற தண்ணீருக்குள் இருந்தன. விரல்களைச் சுற்றித் தண்ணீர் தளதளவென்று பொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் தவிர ஒன்றும் இல்லை.

நான் கத்திய கத்தில் மீட்டரையே கீழே போட்டிருப்பேன். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல. தோல் வழண்டு வந்தது.

"கத்தாத பாய். வலிக்கல" என்றார். பிறகு மெதுவாக, "வலிச்சா தேவலயே" என்றார்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டே எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வருடம் இருக்கும் என்றார். முதலில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததாம், பிறகு அதுவும் நின்றுபோனதாம், அப்புறம் விரல்களாம். குளிக்கிற வெந்நீரின் சூடுகூடத் தெரியாமல், அண்ணி விளாவி வைத்தால்தான் குளிப்பாராம். மில்லில் மீட்டரைப் பார்த்தே எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்கிறாராம். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கத்தினேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எங்கப்பன் ஆயுசு பூரா அடுத்தவன் சேத்துல நின்னாரு பாய். சாவுற வரிக்கும் அவர டேய்னுதான் கூப்டாங்க. என்ன ஆப்பரேட்டர்னு கூப்புடுறாங்க. மொதலாளி புள்ளகூட ஆப்பரேட்டர் சார்னுதான் சொல்லுது. சூடு தெரிலன்னு தெரிஞ்சா நாளைக்கே பாய்லர்லேர்ந்து எறக்கி உட்ருவாங்க. யாராண்டயும் சொல்லாத. மேரியாண்ட சொல்லவே சொல்லாத. அது ஃபாதராண்ட சொல்லும். அவரு நல்லது பண்றேன்னு நேரா மில்லுல போயி நிப்பாரு."

சொல்லமாட்டேன் என்றேன். அவருக்காகத்தான் அந்த வாக்கைக் கொடுத்தேன் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அதில் எனக்கும் ஒரு லாபம் இருந்தது. பட்டறையின் பெருமையே அந்தக் கைதான். அது வியாதி என்று வெளியே தெரிந்தால் நான் சொல்லித் திரிந்ததெல்லாம் என்ன ஆகும்?

வீட்டுக்குப் போய், பாய் தவறுதலாக ரேடியேட்டர் தண்ணீரைக் கையில் ஊற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் மேரி அண்ணி பட்டறை வாசலில் வந்து நின்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். கண்ணு அவிஞ்சா பூட்டுது என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அண்ணன் அவருக்குப் பின்னால், கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். அண்ணி போன பிறகு, "கோச்சிக்காத பாய், உன் பேருதான் வாயில வந்துச்சி" என்றார். மூன்று மாதம் அண்ணி என்னோடு பேசவில்லை.

காரில் மீட்டரை நான்தான் மாட்டினேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பல்பைச் செருகி, நட்டை மட்டும் முடுக்கினேன். ரகுநாதன் சார் ஓட்ட, அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓரிக்கை பாலாற்றுப் பாலம் வரைக்கும் போனார்கள். நான் பைக்கில் பின்னால் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். முள் நூற்று எண்பதில் கல்லு மாதிரி நின்றது. சாருக்கு நம்பிக்கை வரவில்லை. பானெட்டில் கை வைத்துப் பாருங்கள் தாஸ், ரொம்பச் சூடாக இருக்கிறதா என்றார். அண்ணன் கையை நீட்டவில்லை. "மீட்டரு சொல்லுது சார். அத நம்புங்க" என்றார். அந்த மீட்டர் இன்றைக்கும் சரியாகத்தான் காட்டுகிறது. அடக்கத்துக்கு சார் அந்தக் காரில்தான் வந்தார்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்றில்லை. யாருக்கும் தெரியாமல் அவரைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. காலைத் தினமும் யாராவது பார்க்க வேண்டும், அடியில் புண் வந்தால் இவருக்குத் தெரியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வீட்டில் மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். சரி சரி என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். மாத்திரை வீட்டில் இருந்தால் அண்ணிக்குத் தெரிந்துவிடும் என்று என் பட்டறை மேசை டிராயரில் வைத்தார். தினமும் மில்லுக்குப் போகும்போது வந்து, நாஷ்டாவுக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொண்டு போவார். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. அறுவடை சீசன் வந்தால் மில் நிற்காது, அவரும் வரமாட்டார். மாத்திரை அட்டை டிராயரில் அப்படியே கிடக்கும். ஸ்பேனர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பேன். ஃபோன் பண்ண வேண்டும் என்று நினைப்பேன். அதற்குள் ஒரு வண்டி வந்துவிடும்.

போன தை மாதம் ஒருநாள் மதியம் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு சின்ன நட்டு டணங்கென்று தரையில் விழுந்தது. சாக்ஸ் அடிப்பக்கம் ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி ஆகியிருந்தது. காலையிலிருந்து அந்த நட்டை மிதித்துக்கொண்டே மில் முழுக்க நடந்திருக்கிறார். "இதத்தாம்பா காலைலேர்ந்து தேடுனேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு அண்ணியிடம் சொல்லத்தான் போகிறேன் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சீசன் முடியட்டும், ஒரே மாதம், நானே சொல்லிவிடுகிறேன் என்றார். பேஜார் பண்ணாதே பாய் என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். டெட்டால் போட்டுத் துடைத்து, துணி சுற்றி அனுப்பிவைத்தேன்.

சீசன் முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்திருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்படியும் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது. கடைசியாக நான் பார்த்தபோது அவருக்கு நினைவு வந்து வந்து போனது. பக்கத்தில் அண்ணி இருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் தன் உதட்டில் ஒரு விரலை வைத்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து அண்ணி எழுந்து டம்ளரை எடுத்தார். எனக்குத்தான் தெரியும் அது தண்ணீர் இல்லை என்று.

இதை அச்சில் பார்த்து அண்ணி தெரிந்துகொள்ளக் கூடாது என்று நேற்று மதியம் போய்ப் படித்துக் காட்டினேன். அண்ணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வெந்நீரில் விரல் இருந்த இடம் வந்ததும் நறுக்குவதை நிறுத்தினார். மாத்திரை டிராயர் வந்தது. காஞ்சிபுரத்து டாக்டர் வந்தார். நட்டு விழுந்தது. நான் தலையைத் தூக்காமல் படித்து முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா தெனம் அந்தக் காலப் பாத்துருப்பேனே பாய்" என்றார். "தெனம் பாத்துருப்பேன். மில்லு போனா போயிட்டுப் போவுது. ரெண்டு பேரும் கூலிக்குப் போயிருப்போம்."

நான் படித்த தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"செரி. எழுதுனபடியே போடு. வேற எவ வூட்லயாவது காலப் பாத்துக்கட்டும். உன் பேரயும் போடு" என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத பாய்."

சரி அண்ணி. நீங்கள் சொன்னபடி பெயரைப் போட்டுவிடுகிறேன். காதர் உசேன். எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன். டாக்டர் கேட்ட கேள்வி உங்களைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டியது இல்லை, என்னைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டியது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இதைப் படிக்கிறவர்களும் இனிமேல் அவரிடம் போய், கூட இருந்தும் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டுமானால் பட்டறைக்கு வாருங்கள்.

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை இதோடு மீறியாகிவிட்டது. ஆப்பரேட்டர் மரியதாஸுக்குக் கையில் சூடு தெரியாது என்று ஊர் முழுக்க அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன். உயிரோடு இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு என் பட்டறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வீட்டுக்குப் போயிருப்பார். அந்தக் கோபம் ஒன்றைத்தான் அவருடையதாக நான் என்னிடம் வைத்துக்கொள்கிறேன். செத்துப்போனார் என்று நினைப்பதைவிட, என்மேல் கோபம், அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.